கடைசிப் பக்கம்

என்னிடம் வாடகை ஒப்பந்தம் எழுதக் கொடுக்க வருபவர்கள் எல்லாம் பேசி முடித்துவிட்டுத்தான் வருவார்கள். வாடகை இவ்வளவு, அட்வான்ஸ் இவ்வளவு, 11 மாதம். "வழக்கமா போடறதையே போட்டுடுங்க சார்" என்பார் வீட்டுக்காரர்.

அந்த 11 மாதம் பழைய பழக்கம். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்கிறது 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம். பதிவுச் செலவுக்குப் பயந்து கண்டுபிடித்த வழி அது. தமிழ்நாட்டில் 1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், 2017இல் இயற்றிய புதுச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்துவிட்டது. எத்தனை மாதமானாலும் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். ஆனாலும் 11 அசையவில்லை. அட்வான்ஸும் அப்படித்தான்: மூன்று மாத வாடகைதான் என்று சொல்லும் சட்டமே, இருவரும் வேறு விதமாக ஒப்புக்கொள்ள இடமும் விட்டிருக்கிறது. அந்தச் சந்தில் சென்னையின் பத்து மாத அட்வான்ஸ் சௌகரியமாகக் குடியிருக்கிறது.

நான் நேரம் செலவழிப்பது ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில். ஃபேன் எத்தனை, கீஸர் எந்த வருஷத்தது, சப்-மீட்டரில் இன்றைய ரீடிங் என்ன, சாவி எத்தனை. சட்டத்தின் அட்டவணைப்படி வெள்ளையடிப்பதும் வயரிங்கும் வீட்டுக்காரர் பொறுப்பு. குழாய் வாஷரும் கீஸர் ரிப்பேரும் குடியிருப்பவர் பொறுப்பு. பன்னிரண்டு வருஷக் கீஸர் குடிவந்த இரண்டாம் மாதமே படுத்தால்? அதை முன்கூட்டியே எழுதிக்கொள்ளலாம். காலி செய்யும்போது "பெயின்டிங்குக்கு ஒரு மாசம்" என்று அட்வான்ஸில் பிடிப்பது ஊர் வழக்கமே தவிர உரிமை அல்ல. பிடிப்பதாக இருந்தால் எந்தச் சுவர், எவ்வளவு என்று முதலிலேயே எழுதச் சொல்வேன். சிலருக்கு என் மேல் கோபம் வரும்.

இன்னொன்றும் கேட்பேன்: மோட்டார் ஸ்விட்ச் எங்கே இருக்கிறது? பெரும்பாலும் கீழே, வீட்டுக்காரர் போர்ஷனில். வாடகைத் தகராறு வந்தால் மாடிக்குத் தண்ணீர் ஏறாது. தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தக் கூடாது என்கிறது சட்டம். வாடகை பாக்கி என்றால் அதற்கென்று வழி தனியாக இருக்கிறது. ஆனால் வாடகை அதிகாரியிடம் மனுப் போட்டு உத்தரவு வாங்கும் வரை குழந்தையைக் குளிப்பாட்டாமல் இருக்க முடியாதே. அதனால் "காலையும் மாலையும் மோட்டார் போடுவது உரிமையாளர் பொறுப்பு, அவர் ஊரில் இல்லாத நாளில் சாவி குடியிருப்பவரிடம்" என்று ஒரு வரி சேர்ப்பேன்.

"இதையெல்லாமா சார் எழுதுவாங்க?" என்பார் வீட்டுக்காரர். குடிவருபவர் மட்டும் அந்த வரியை இரண்டு தடவை படிப்பார்.