ஆறு கட்டுச் சீட்டும் ஒரு ராஜினாமாக் கடிதமும்

திருநெல்வேலியிலிருந்து மைசூருக்கு வேலைக்கு வந்து பதினோரு வருஷம் ஆகிறது. இரண்டு வருஷம் முன்னால், ராத்திரி பதினொரு மணிக்கு மேல் தங்கமணிக்குத் தெரியாமல் ஒரு காரியம் செய்துகொண்டிருந்தேன். தப்பாக நினைக்காதீர்கள், சீட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். ஆறு கட்டு வாங்கி பீரோவில் பழைய ஸ்வெட்டருக்குள் ஒளித்து வைத்து, நாலு மாசப் பயிற்சி. மெயிலில் ராஜினாமாக் கடிதம் ஒன்று டிராஃப்டில் கிடந்தது.

மந்திரம் ஒன்றும் இல்லை. பிளாக்ஜாக்கில் 2 முதல் 6 வரை வந்தால் ஒன்று கூட்டு. பத்து, ஜாக்கி, ராணி, ராஜா, ஆஸ் வந்தால் ஒன்று கழி. 7, 8, 9 வந்தால் சும்மா இரு. வந்த தொகையை மீதியுள்ள கட்டுகளால் வகு. எண் ஏறினால் பெரிய சீட்டுகள் இன்னும் உள்ளே இருக்கின்றன என்று அர்த்தம். அப்போது மட்டும் பந்தயத்தை ஏற்று. சீட்டு எண்ணி காசினோவை ஜெயிக்கலாம் என்று எட்வர்ட் தோர்ப் என்ற கணக்கு வாத்தியார் 1962-லேயே புத்தகம் போட்டு நிரூபித்துவிட்டார். இந்த ஊர் மும்மடி கிருஷ்ணராஜ உடையாரே கஞ்சிஃபா சீட்டில் புதுப்புது ஆட்டங்கள் வகுத்தவர்தானே என்று எனக்கு நானே சமாதானம் வேறு!

கர்நாடகத்தில் காசினோ கிடையாது. ஆபீஸ் வேலை என்று பொய் சொல்லிவிட்டு, 40,000 ரூபாயோடு கோவா பஸ் ஏறினேன். பணஜியில் மாண்டோவி ஆற்றில் நிற்கும் கப்பல். ஒரு டேபிளில் மிஷினே சீட்டை ஓயாமல் கலைத்துக்கொண்டிருந்தது. அங்கே எண்ணிப் பிரயோஜனமில்லை. இன்னொன்றில் உட்கார்ந்தேன். முதல் ராத்திரி 6,000 வந்தது. மறுநாள் ராத்திரி 17,000 போனது. இத்தனைக்கும் எண்ணிக்கையில் ஒரு பிசகும் இல்லை. அதுதான் வயிற்றைப் பிசைந்தது. தப்பு செய்து தோற்றால் திருத்திக்கொள்ளலாம்.

விடிகாலை ஆற்றங்கரையில் டீ குடித்துக்கொண்டே செல்போனில் கணக்குப் போட்டேன். நன்றாக எண்ணுகிறவனுக்குச் சாதகம் சுமார் ஒரு சதவீதம். கைக்குச் சராசரி 500 ரூபாய், மணிக்கு 70 கை என்றால் வருமானம் மணிக்கு 350. ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் ஐயாயிரம் இப்படியும் போகலாம், அப்படியும் போகலாம். நூறு மணி நேரம் பிசகாமல் ஆடினாலும் நாலு பேரில் ஒருவர் நஷ்டத்தில்தான் இருப்பார். இதில் பஸ் சார்ஜ், ரூம், கப்பலில் ஏற டிக்கெட். எல்லாவற்றுக்கும் மேல், நம் நாட்டில் சீட்டில் ஜெயித்த பணத்துக்கு 30 சதவீதம் வரி. தோற்றதைக் கழித்துக்கொள்ள விடமாட்டார்கள். அந்த ஒரு சதவீதம் எங்கே நிற்கும்?

இதில் நிஜமாகவே சம்பாதித்த எம்.ஐ.டி. மாணவர்கள் தனி ஆளாக ஆடவில்லை. முதலீட்டாளர்களிடம் பணம் திரட்டி, ஒருவர் எண்ண, இன்னொருவர் பெரிய பந்தயம் வைக்க, கிட்டத்தட்ட ஒரு கம்பெனியாக நடத்தினார்கள். மனசுக்குள் எண்ணுவது அமெரிக்காவில் குற்றமில்லை. ஆனாலும் லாஸ் வேகாஸில் கண்டுபிடித்தால் எழுந்து போகச் சொல்லிவிடுவார்கள். தோர்ப்பே பங்குச் சந்தைப் பக்கம் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னேன். தங்கமணி கத்தவில்லை.

"மணிக்கு எவ்வளவுன்னீங்க?"

"முந்நூத்தம்பது."

"ராத்திரி முழுக்க முழிச்சிருந்தா?"

பேசாமல் போய் டிராஃப்டை அழித்தேன். 11,000 போன விஷயம் அப்பாவுக்கு இன்னும் தெரியாது. ஆறு கட்டும் இப்போது பெண்ணிடம். ஞாயிற்றுக்கிழமைகளில் அவளோடு கழுதை ஆட்டம், பழக்க தோஷத்தில் எண்ணிக்கொண்டேதான் ஆடுகிறேன். போன வாரம் நாலு தடவை நான்தான் கழுதை.