பாசி பார்க்கிற வேலை

எங்கள் மணியாச்சிப் பக்கம் பாசி என்றால் பாசிப்பயறுதான். புரட்டாசியில் கரிசல் காட்டில் உளுந்தோடு சேர்த்து விதைப்பார்கள். நான் தூத்துக்குடியில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், "கடல் பாசியை எண்ணுற வேலை" என்று பெரியப்பாவிடம் சொன்னேன். "அது விளைஞ்சா என்ன விலைக்குப் போகும்?" என்று கேட்டார். "அது விளைஞ்சா மீன் சாகும் பெரியப்பா" என்றேன். அதன்பிறகு ஒவ்வொரு தீபாவளிக்கும், "இந்த வருசம் கடல்ல வெள்ளாமை எப்படி?" என்று விசாரிப்பார். என் வேலையை அவரைப்போல யாரும் சரியாகப் புரிந்துகொண்டதில்லை.

காலை ரயிலில் போய் மாலை ரயிலில் திரும்புகிறேன். படகிலிருந்து வரும் ஒரு லிட்டர் கடல்நீரில் லூகால் கரைசலை விடுவோம். அது அயோடினும் பொட்டாசியம் அயோடைடும் கலந்தது. தண்ணீர் லேசான கட்டந்தேநீர் நிறத்துக்கு வந்தால் போதும். உயிர்கள் அப்படியே உறைந்து மெல்ல அடியில் தங்கும். ஓர் இரவு கழித்து, மேல்தண்ணீரை ஆடாமல் உறிஞ்சி எடுத்துவிட்டு, அடியில் நிற்கும் 10 மில்லியை வைத்துக்கொள்வேன். அதில் ஒரு மில்லியைக் கண்ணாடிக் கட்டத்தட்டில் ஊற்றினால் 1,000 கட்டம். வரிசை தவறாமல் பார்த்து எண்ண வேண்டும். முதுகு வலிக்கும். அவசரப்பட்டால் எண்ணிக்கை பொய்யாகும்.

சேர்ந்த முதல் வருடம் ஒரு தவறு செய்தேன். வந்த புட்டிகளில் எல்லாம் உடனே மருந்தை விட்டுவிட்டேன். ஒரு புட்டியில் வெறும் கண்ணுக்கே ஊறவைத்த ஜவ்வரிசி போல ஏதோ மிதந்தது. மறுநாள் பார்த்தால் எல்லாம் சுருங்கிக் கிழிந்து, அடையாளமே தெரியவில்லை. அது நாக்டிலூகா. அதை உயிரோடுதான் பார்க்க வேண்டும். அன்றிலிருந்து முதல் சொட்டு பச்சைத் தண்ணீராகவே லென்சுக்கு அடியில் போகும். மருந்து அதற்குப் பிறகுதான்.

இந்த நாக்டிலூகாவைத்தான் மன்னார் வளைகுடா மீனவர்கள் பூங்கோரை என்கிறார்கள். 2019 ஆகஸ்டில் சென்னைக் கடற்கரையில் இரவு அலை நீலமாக ஒளிர்ந்ததே, அதுவும் இதன் வேலைதான். அடுத்த மாதம் பாம்பன், மண்டபம் பக்கம் கடல் பச்சைப் பெயின்டு ஊற்றியதுபோல் ஆனது. செத்த மீன்கள் கரையில் ஒதுங்கின. தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார் சிங்கில் தீவில் மூழ்கிப் பார்த்தபோது, தண்ணீரில் கரைந்திருந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவுக்கு இறங்கியிருந்தது. வேகமாக வளரும் பவளங்கள் கூட்டங்கூட்டமாக மூச்சுமுட்டிச் செத்திருந்தன.

அந்தச் சமயம் கடல் மீன் வாங்கவே ஜனம் பயந்தது. எனக்கு வருத்தமாக இருந்தது. பூங்கோரை கடலின் மூச்சை அடைக்கிறது, அம்மோனியாவைச் சேர்த்து வைக்கிறது. மீனுக்கு அது எமன். ஆனால் மனித நரம்பை முடக்கும் நஞ்சை அது உண்டாக்குவதில்லை. அந்த நேரத்தில் செத்து ஒதுங்கிய மீனை எடுக்கக் கூடாது, அவ்வளவுதான். நான் அஞ்சுவது நிறமே காட்டாத வேறு சிலவற்றுக்கு. அலெக்சாண்ட்ரியம் என்ற பாசி ஒரு மில்லிமீட்டரில் முப்பதில் ஒரு பங்குதான் இருக்கும். லிட்டருக்குச் சில நூறு இருந்தாலே கவனிக்க வேண்டும். கடலோ தெளிந்த நீலமாக இருக்கும். மட்டியும் சிப்பியும் நாள் முழுவதும் தண்ணீரை வடிகட்டித் தின்பதால் அதன் சாக்சிடாக்சின் நஞ்சு அவற்றின் சதையில் சேர்ந்துவிடும். மட்டிக்கு ஒன்றும் ஆகாது. தின்றவருக்கு உதடு மரக்கும், நாக்கு மரக்கும், முற்றினால் மூச்சுத் தசையே நின்றுபோகும்.

இது வேறு தேசத்துக் கதை இல்லை. 1981இல் கல்பாக்கம் பக்கம் வயலூரில் மட்டி தின்றவர்களில் 3 பேர் இறந்தார்கள், 85 பேர் மருத்துவமனைக்குப் போனார்கள். 1997 செப்டம்பரில் விழிஞ்ஞம் பக்கம் சிப்பி தின்று 7 பேர் இறந்தார்கள், சுமார் 500 பேர் படுக்கையில் விழுந்தார்கள். வயலூரில் அன்று குழம்பு வைத்தவர் கையில் என்ன குறை இருந்திருக்கும்? வாடை இல்லை, ருசியில் வித்தியாசம் இல்லை. கொதிக்க வைத்தாலும் நஞ்சு போகாது. கொஞ்சம் தண்ணீரில் இறங்கும்தான், ஆனால் அந்தத் தண்ணீர்தானே நமக்குக் குழம்பு. புளி எல்லா விஷத்தையும் முறிக்கும் என்பார்கள். இந்த நஞ்சு புளிப்பில் இன்னும் உறுதியாக நிற்கும். செவுளைத் தூக்கிப் பார்த்து, கண்ணை அழுத்திப் பார்த்து மீன் வாங்கும் எங்கள் ஊர்ப் பெண்களின் கைத்திறம் பெரியது. ஆனால் அது அழுகலைத்தான் கண்டுபிடிக்கும்.

வாயில்லாப் பிராணிகளுக்கும் இது நடக்கிறது. 1991இல் கலிபோர்னியாவின் மான்டரே விரிகுடாவில் கூழைக்கடாக்கள் கூட்டமாகச் செத்தன. டொமோயிக் அமிலம் என்ற வேறொரு நஞ்சைச் சுரக்கும் பாசியை நெத்திலி தின்றது, நெத்திலியை அவை தின்றன. அந்த நஞ்சு நெத்திலியின் குடலில்தான் அதிகம் தங்குகிறது. நெத்திலியின் தலையைக் கிள்ளும்போது குடலையும் சேர்த்து உருவி எறியும் நம் வழக்கம் எவ்வளவு நல்லது! கருவாட்டிலும் அதை விடாதீர்கள். காய்ந்தாலும் நஞ்சு நஞ்சுதான்.

கரிசல் காட்டு உரம் கடலில் சேர்ந்துதான் இப்படி ஆகிறதா என்று ஊரில் கேட்கிறார்கள். செப்டம்பர் பூங்கோரைக்கு எங்கள் காட்டை நான் குற்றம் சொல்ல மாட்டேன். வைப்பாற்றில் தண்ணீர் வருவதே ஐப்பசி மழைக்குப் பிறகுதான். ஆனால் மக்காச்சோளத்துக்குப் போட்ட யூரியா முதல் மழையில் எங்கே போகிறது என்று யோசிக்காமலும் இருக்க முடியவில்லை. பயிருக்கு எரு எதுவோ, பாசிக்கும் அதுவே எரு.

கறிக்கு ஒரு எல்லை வைத்திருக்கிறார்கள்: ஒரு கிலோ மட்டிச் சதையில் சாக்சிடாக்சின் நஞ்சு 0.8 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. அதை வீட்டில் அளக்க வழியில்லை. ஆகவே என்னால் கேட்க முடிவது இது. மட்டியோ சிப்பியோ தின்ற சில மணி நேரத்துக்குள் உதடோ விரல்நுனியோ மரத்தால், விடியட்டும் என்று இருக்காதீர்கள். செயற்கை மூச்சுக் கருவி உள்ள மருத்துவமனைக்குப் போங்கள். முறிமருந்து இல்லை. ஆனால் ஒரு நாள் மூச்சைத் தாங்கிப் பிடித்தால் பெரும்பாலும் பிழைத்துவிடலாம். என்ன தின்றீர்கள், எந்தக் கரையிலிருந்து வந்தது என்று டாக்டரிடம் சொல்லுங்கள். மிச்சக் குழம்பைக் கொட்டிவிடாமல் ஒரு பாத்திரத்தில் மூடிக் கையோடு கொண்டுபோங்கள்.