வாய் திறவாத எஞ்சின்

கேட்டதற்கு விடை வராவிட்டால், கேட்கப்பட்டவரிடம் விடையே இல்லை என்று முடிவு கட்டிவிடுவது மனித இயல்பு. வகுப்பறையிலே இந்தத் தவற்றைச் செய்யலாகாது என்று இளைய ஆசிரியர்களுக்கு அடிக்கடி எடுத்துரைக்கும் நாமே, சென்ற ஆண்டு ஒரு சாண் நீளமான விளையாட்டுப் புகையிரத எஞ்சினுக்கு முன்னே அமர்ந்து அதே தவற்றைச் செய்தோம். அந்தக் கதையை இங்கே சொல்வதற்குக் காரணம், அதிலே மாணவர்கள் அறிந்து பயன்கொள்ளத்தக்க நுட்பம் சில உண்டு என்பதே. வேறொரு காரணமும் உண்டு; அது போகப் போக விளங்கும்.

எமது தமையனார் கனடாவிலே, ரொறன்ரோ நகரில் காலமானார். இறுதிக் கிரியைகளை அன்னையாரும் நாமும் கொக்குவிலிலுள்ள எமது வீட்டு விறாந்தையில் இருந்தபடி, கைத்தொலைபேசித் திரையிலேதான் கண்டோம். சில மாதங்கள் கழித்து அண்ணியார் ஒரு பெட்டியை அனுப்பிவைத்தார். தமையனார் ஓய்வு நேரங்களில் தம் கைப்படச் செய்துவந்த மாதிரிப் புகையிரதம் அதனுள் இருந்தது. டீசல் எஞ்சின் ஒன்று, பெட்டிகள் மூன்று, வட்டமாகப் பூட்டக்கூடிய தண்டவாளத் துண்டுகள், கட்டுப்படுத்தும் கருவி ஒன்று. எஞ்சினுக்குச் சாம்பல் நிற அடிப்பூச்சு மாத்திரமே பூசப்பட்டிருந்தது. பெயரும் இல்லை, எண்ணும் இல்லை. வேலை முடியுமுன் ஆள் போய்விட்டார்.

தமையனாருக்குப் புகையிரதத்தின்மீது இருந்த மோகம் ஊரறிந்தது. பள்ளிக்கூடம் விட்டதும் கடவையடியில் நின்று, செல்லும் எஞ்சின்களின் எண்களை ஒரு கொப்பியிலே எழுதி வைப்பார். இரவிலே அவற்றைப் பாடம்போல ஒப்புவிப்பார் என்று அன்னையார் கூறக் கேட்டிருக்கிறோம். 1989ஆம் ஆண்டிலே அவர் யாழ்ப்பாணப் புகையிரத நிலையத்தில் கொழும்புக்கு வண்டியேறினார். அங்கிருந்து கடல் கடந்தார். அப்பொழுது எமக்கு வயது ஒன்பது.

அடுத்த ஆண்டு ஜூன் மாதத்தோடு குடாநாட்டின் புகையிரதமே நின்றுபோயிற்று. 1902இல் காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையில் ஓடத் தொடங்கி, 1905இல் தெற்கோடு முழுமையாக இணைந்து, 1956 முதல் யாழ்தேவி ஓடிய அந்தப் பாதையிலே போர்க்காலத்தில் தண்டவாளமும் மிஞ்சவில்லை. சிலிப்பர் கட்டையும் மிஞ்சவில்லை. 1995ஆம் ஆண்டின் இடப்பெயர்வின்போது நாம் விட்டுச்சென்ற பொருள்களோடு தமையனாரின் கொப்பியும் தொலைந்தது. 2014 ஒக்ரோபரிலே புகையிரதம் மீண்டும் யாழ்ப்பாணம் வந்தபோது, பத்து வயதிலே அதனை இழந்த நாம் முப்பத்து நான்கு வயதினராக இருந்தோம்.

பெட்டி வந்த அன்றிரவே, க.பொ.த. சாதாரண தரத்துக்குப் படிக்கும் எமது மகன் விறாந்தையிலே தண்டவாளத்தைப் பூட்டிவிட்டான். எண்பது வயதைக் கடந்த அன்னையார் சாய்மனைக் கதிரையை நெருக்கிப் போட்டுக்கொண்டார்.

"அவன்ரை கோச்சி ஓடுமோ, தம்பி?" என்று கேட்டார்.

ஓடவில்லை. கருவியிலே மின் இருந்தது. தண்டவாளத்திலும் மின் இருந்தது. எஞ்சின் மட்டும் அசையவே இல்லை.

இங்கே இவ்வகைப் புகையிரதத்தின் இயல்பைச் சிறிது விளக்க வேண்டும். நாம் சிறுவயதிற் கண்ட மின்சார விளையாட்டு வண்டிகளிலே தண்டவாளத்தின் மின்னழுத்தத்தைக் கூட்டினால் வேகம் கூடும், குறைத்தால் குறையும். ஒரே பாதையில் இரண்டு எஞ்சின்கள் நின்றால் இரண்டும் சேர்ந்தே ஓடும். 1980களின் பிற்பகுதியிலே ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனம் உருவாக்கிய வேறொரு முறையை அடிப்படையாகக் கொண்டு, அமெரிக்காவின் தேசிய மாதிரி இரயில்பாதைச் சங்கம் 1990களில் ஒரு பொது நியமத்தை வகுத்தது. இந்த முறையிலே தண்டவாளத்தில் எப்பொழுதும் முழு மின்னழுத்தம் இருக்கும். ஆனால் அதன் திசை கணந்தோறும் மாறிக்கொண்டே இருக்கும். ஒரு பக்கம் 58 மைக்ரோ செக்கன் நின்று, மறு பக்கமும் அவ்வாறே நின்றால் அது ஒன்று. 100 மைக்ரோ செக்கனோ அதற்கு மேலோ நின்றால் அது சுழி. இந்த ஒன்றும் சுழியும் சேர்ந்தே கட்டளையாகின்றன. எஞ்சினுக்குள்ளே இருக்கும் டிக்கோடர் என்னும் சிறு இலத்திரனியல் பலகை அவற்றை வாசித்து மோட்டாரை இயக்குகின்றது.

ஒவ்வோர் எஞ்சினுக்கும் தனித்தனி எண் உண்டு. ஆசிரியர் இடாப்பை வாசிக்கும்போது தன் பெயர் வந்தால் மாத்திரம் மாணவன் எழுந்து நிற்பதுபோல, தன் எண்ணோடு வரும் கட்டளைக்கே எஞ்சின் பணியும். தொழிற்சாலையிலிருந்து வருகையிலே அந்த எண் பொதுவாக 3 ஆக இருக்கும். நாம் 3 என்றே அழைத்துப் பார்த்தோம். எழுந்து நிற்பார் எவருமில்லை.

மகன் இணையத்திலே தேடி ஒரு வழி கண்டுபிடித்தான். டிக்கோடரின் நினைவகம் எண்ணிட்ட பல அறைகளைக் கொண்டது. எண், வேகம், விளக்கு முதலிய ஒவ்வொன்றும் ஓர் அறையிலே எழுதப்பட்டிருக்கும். பலவகை டிக்கோடர்களில் எட்டாம் அறையிலே 8 என்று எழுதினால், எல்லா அறைகளும் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பிவிடும்.

"எட்டிலை எட்டைப் போட்டால் எல்லாம் சரிவரும், அப்பா" என்றான்.

நாமும் உடன்பட்டோம். பொத்தானை அழுத்தினோம். பிழை என்று திரை காட்டியது. மறுபடியும் அழுத்தினோம். மறுபடியும் பிழை. என்ன செய்கிறீர்கள் என்று அன்னையார் கேட்க, பழையவற்றை அழித்துப் புதிதாக்குகிறோம் என்று மகன் விளக்கினான். அன்னையார் சற்று நேரம் பேசாதிருந்தார்.

"அவன் எழுதி வைச்சதை ஏன் அழிக்கிறியள்?" என்றார் பின்பு.

எமக்குச் சுரீர் என்றது. ஒருவர் இறந்தபின் அவர் கையெழுத்துள்ள கொப்பியைத் திறந்தும் பாராமல் அடுப்பிலே போடுவோமா? அதைத்தான் நாம் செய்ய முயன்றிருந்தோம். அழிப்பதை நிறுத்தினோம், வாசிப்பது என்று தீர்மானித்தோம்.

வாசிப்பது எளிதாயிருக்கவில்லை. முதற் பிழை எம்முடையதே. அறைகளை வாசிப்பதற்கும் எழுதுவதற்கும் கருவியிலே தனியான இணைப்பு உண்டு. நாமோ தண்டவாளத்தை வண்டியோட்டும் இணைப்பிலே பூட்டிவிட்டு, வேறு வாசலால் கட்டளை அனுப்பிக்கொண்டிருந்தோம். ஒரு துண்டுத் தண்டவாளத்தைப் பிரித்தெடுத்து, அதனை மட்டும் உரிய இணைப்பிலே பூட்டினோம். அந்தத் துண்டின்மீது ஓர் எஞ்சினுக்கு மேல் நிற்கலாகாது. அங்கே எண் பார்த்து அழைக்கும் வழக்கம் இல்லை. எழுதுவது அங்கு நிற்கும் எல்லா எஞ்சின்களிலும் பதிந்துவிடும்.

வாசிக்கும் கட்டளையை அனுப்பினோம். அப்பொழுதும் பிழைதான்.

அடுத்ததாகச் சக்கரங்களைப் பார்த்தோம். கறுப்பாக அழுக்குப் படிந்திருந்தது. மருந்துக்கடையில் வாங்கிய மதுசாரத்திலே துணியை நனைத்துச் சக்கரங்களையும் தண்டவாளத்தையும் துடைத்தோம். உரைதாள் கொண்டு தேய்க்கக் கூடாது. கீறல் விழுந்தால் அழுக்கு இன்னும் விரைவாகச் சேரும். துடைத்தபின் தண்டவாளம் பளிச்சென்றது. எஞ்சின் மௌனமாகவே இருந்தது. டிக்கோடர் எரிந்துபோயிருக்கும் என்று நாம் சொல்லியே விட்டோம்.

உறங்கப்போகுமுன் கையேட்டைப் புரட்டியபோதுதான், இந்த எஞ்சின் எவ்வாறு விடை சொல்லும் என்பதை அறிந்தோம். அதற்கு வாய் இல்லை. திருப்பி அனுப்பும் கம்பியும் இல்லை. "இந்த அறையில் இருப்பது இதுவா?" என்று கருவி கேட்கும். ஆம் என்றால், டிக்கோடர் ஏறத்தாழ 6 மில்லி செக்கன் நேரத்துக்கு மோட்டாரின் வழியாகக் குறைந்தது 60 மில்லி அம்பியர் மின்னைக் கூடுதலாக இழுக்கும். அந்தச் சிறு இழுப்பைக் கருவி உணர்ந்துகொள்ளும். சக்கரம் மயிரிழை அசையும். அதுவே அதன் பேச்சு. அப்படியானால், மோட்டாருக்குப் போகும் கம்பி அறுந்திருந்தால் எஞ்சின் எல்லாவற்றையும் கேட்கும். ஒன்றுக்கும் விடை சொல்லாது!

மறுநாட் காலை மேல்மூடியைக் கழற்றினோம். சிவப்பும் கறுப்பும் தண்டவாளத்திலிருந்து மின் கொண்டுவரும் கம்பிகள். அவை உறுதியாக இருந்தன. செம்மஞ்சளும் சாம்பலும் மோட்டாருக்குச் செல்பவை. சாம்பல் நிறக் கம்பி மோட்டாரின் அருகே பற்றாசு விட்டுத் தனியே நின்றது. கடல் கடந்த பயணத்தின் குலுக்கலிலே கழன்றிருக்க வேண்டும்.

அதைக் கண்டதும் மகிழ்ச்சிக்கு முன்னே அச்சமே வந்தது. கம்பி அறுந்திருந்தும் டிக்கோடரின் செவி கெடவில்லை. முதல் நாளிரவு நாம் சரியான இணைப்பிலே பூட்டியிருந்தால், திரை பிழை என்று காட்டிக்கொண்டிருக்கும்போதே அழிக்கும் கட்டளை உள்ளே போய் நிறைவேறியிருக்கும். விடை வரவில்லை என்பதனால் சொன்னது சேரவில்லை என்று எண்ணக்கூடாது. எமது ஒரு பிழை எமது இன்னொரு பிழையிலிருந்து எம்மைக் காத்தது.

சந்தையடியிலே வானொலி திருத்தும் ஒருவர் இரண்டு நிமிடத்திலே கம்பியைப் பற்றாசு வைத்துத் தந்தார். வீட்டுக்கு வந்து வாசிக்கும் பொத்தானை அழுத்தினோம். சக்கரம் துடித்தது! மகன் கைகொட்டினான். நாம் முதலாம் அறையைக் கேட்டோம். 3 என்றது.

மகிழ்ச்சி உடனே குழப்பமாயிற்று. எண் 3 என்றால், கம்பி சேர்ந்த பின்னர் 3 என்று அழைத்ததும் ஓட வேண்டுமே! பெரும் பாதையில் வைத்து அழைத்தோம்; ஓடவில்லை. மகன் மறுபடியும் எட்டாம் அறையின் பேச்சை எடுத்தான். பொறு தம்பி, இன்னும் கேட்போம் என்றோம்.

இத்தகைய வேளைகளில் பார்க்க வேண்டியது இருபத்தொன்பதாம் அறை. அங்கே 38 என்று இருந்தது. 38 என்பது 32, 4, 2 ஆகியவற்றின் கூட்டுத்தொகை. ஒவ்வொரு பங்கும் ஓர் ஏற்பாட்டைக் குறிக்கும். 32 என்னும் பங்கு இருந்தால், எஞ்சின் முதலாம் அறையிலுள்ள சிறிய எண்ணைப் பொருட்படுத்தாது. 17ஆம், 18ஆம் அறைகளிலுள்ள நீண்ட எண்ணுக்கே செவிசாய்க்கும். அந்த இரண்டையும் மும்முறை வாசித்தோம். மும்முறையும் 194, 57 என்றே வந்தன. 194இலிருந்து 192ஐக் கழித்தால் 2. அதனை 256ஆற் பெருக்கினால் 512. அதனோடு 57ஐக் கூட்டினால் 569.

"ஐந்நூற்று அறுபத்தொன்பது" என்று மகன் உரக்கச் சொன்னான். எமக்கு அது வெறும் எண்ணாகவே தோன்றியது. வீட்டிலக்கமும் அன்று, எவருடைய பிறந்த ஆண்டும் அன்று.

"அது ஒன்ராறியோ எல்லோ!" என்றார் அன்னையார் கதிரையில் இருந்தபடி. "அடுத்தது அல்பேர்ட்டா. நித்திரையிலையும் அதைத்தானே சொல்லுவான்."

கொழும்புத் திட்டத்தின் கீழ் 1954இல் கனடா இலங்கைக்கு வழங்கிய எம் 2 வகை டீசல் எஞ்சின்களுக்குக் கனடாவின் மாகாணப் பெயர்களைச் சூட்டியிருந்தார்கள். 569இன் பெயர் ஒன்ராறியோ, 570 அல்பேர்ட்டா, 571 சஸ்கச்சுவான். கொக்குவில் கடவையடியிலே நின்று, போகப்போகும் நாட்டின் மாகாணங்களைப் போகுமுன்னரே எண்ணிப் படித்த பிள்ளை, ஒன்ராறியோவிலேயே வாழ்ந்து அங்கேயே கண்மூடினார். எஞ்சினின் மேலே எழுத நாள் கிடைக்காத எண்ணை உள்ளே எழுதி வைத்திருந்தார். தொலைந்த கொப்பியிலே எமக்கு மிஞ்சிய ஒரே வரி அதுதான். எட்டாம் அறையில் எட்டைப் போட்டு அதனைத்தான் அழிக்கப் பார்த்தோம்.

மகன் எல்லா அறைகளையும் ஒன்றன்பின் ஒன்றாக வாசித்து, ஒரு புதிய கொப்பியிலே எழுதிக்கொண்டான். அழிக்க விரும்புவோர் பிறகு அழிக்கலாம். முதலில் வாசித்து எழுதிக்கொள்ள வேண்டும். எஞ்சினுக்கு மாத்திரமன்றி, வகுப்பறையின் கடைசி வாங்கிலே வாய் திறவாது இருக்கும் பிள்ளைக்கும் இது பொருந்தும். பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது என்று எழுதுமுன், எமது கேள்வி எந்த வாசலால் போயிற்று, விடை வரும் கம்பி எங்கே அறுந்தது என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுதல் நன்று.

அன்று மாலை பெரும் பாதையிலே எஞ்சினையும் மூன்று பெட்டிகளையும் வைத்து, 569 என்று அழைத்து, வேகத்தைக் கூட்டினோம். உடனே பாயவில்லை. மூன்றாம் அறையிலே தமையனார் பெரிய எண் ஒன்றை இட்டிருந்தார். புறப்படும் வேகம் எவ்வளவு மெதுவாக ஏறவேண்டும் என்பதைக் குறிக்கும் அறை அது. பாரமான வண்டி ஒன்று நிலையத்தை விட்டு நகர்வதுபோல, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் அது அசையத் தொடங்கியது. இந்த வேகத்தைக் கொஞ்சம் கூட்டட்டோ என்று மகன் கேட்டான்.

"வேண்டாம்" என்றார் அன்னையார். "அண்டைக்கும் இப்பிடித்தான், மெல்ல மெல்லத்தான் வெளிக்கிட்டது."