தலைமுடி சொன்ன சாட்சி

சீப்பில் சிக்கிய தலைமுடியைச் சுருட்டி எறிந்து விடுகிறோம். ஆனால் அந்த முடிக்கும் ஒரு நாக்கு உண்டு என்கிறது ஸயன்ஸ். முடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளருகிறது. ஒருவர் கொக்கெயின் போன்ற லாகிரி வஸ்துவை உபயோகித்தால், அதன் சுவடு ரத்தத்தின் வழியே முடியில் ஏறித் தங்கி விடுகிறது. கொக்கெயினைப் பற்றிச் சிறுநீர் சொல்வது சில நாள் கதை. முடி சொல்வதோ பல மாதக் கதை. ஆகவே, "இந்தத் தாயிடம் குழந்தையை விட்டு வைக்கலாமா?" என்ற வழக்குகளில் முடியையும் சாட்சிக் கூண்டில் ஏற்றினார்கள்.

கானடாவில் அந்தச் சாட்சி செய்த காரியத்தைப் பற்றிய இரண்டு விசாரணை அறிக்கைகளைச் சமீபத்தில் படித்தேன். வாசகர்களே, அன்று இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

டொராண்டோ நகரத்துக் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் 'மதரிஸ்க்' என்று ஒரு பரிசோதனைக்கூடம் இருந்தது. பெயர் பெற்ற ஆஸ்பத்திரி. அங்கிருந்து வரும் காகிதத்தை யார் சந்தேகிப்பார்கள்? 2005 முதல் 2015 வரை 16,000 பேருக்கு மேல் குழந்தைப் பாதுகாப்பு விவகாரங்களுக்காக அங்கே முடிச் சோதனை நடந்தது.

அந்தக் கூடத்தை ஆராய்ந்த ஓய்வு பெற்ற நீதிபதி சூஸன் லாங், 2015 டிசம்பரில் உண்மையை உடைத்துச் சொன்னார். அந்த முடிவுகள் கோர்ட்டில் வைக்கத் தகுந்தவை அல்ல. நம்பத் தகுந்தவையும் அல்ல. 'எலிஸா' என்ற சோதனை, சந்தேகம் உண்டா இல்லையா என்று பார்க்கும் முதல் படி மட்டுமே. அதை வேறொரு நுட்பமான கருவியில் வைத்து உறுதி செய்தாக வேண்டும். 2010 வரை அந்த இரண்டாவது படியை ஏறாமலே பல முடிவுகள் வெளியே போயின. பிறர் விட்ட புகைகூட முடியில் படியும். சாராயம் கலந்த தலைப் பூச்சு மதுச் சோதனையைக் குழப்பி விடும். காகிதத்தில் இருந்த எண் இந்தச் சங்கடங்களைச் சொல்லுமா?

பிறகு நீதிபதி ஜூடித் பீமன் தலைமையில் ஒரு கமிஷன் 1,271 வழக்குக் கட்டுகளைப் புரட்டிப் பார்த்தது. அவற்றில் 56 வழக்குகளின் முடிவை இந்தச் சோதனைகள் பெரிதும் பாதித்திருந்தன என்று 2018-ல் அறிவித்தது. சோதனைக்கு ஆளானவர்களில் அநேகர் ஏழைகள், நாதியற்றவர்கள். 'மாட்டேன்' என்று சொல்லும் துணிவு அவர்களுக்கு ஏது? சொன்னால், எதையோ மறைக்கிறாள் என்பார்கள்!

அத்தனை தாய்மார்களும் நிரபராதிகள் என்று நான் வாதாட வரவில்லை. நிரபராதி யார், குற்றவாளி யார் என்று அந்தக் காகிதத்தைக் கொண்டு தெரிந்துகொள்ள முடியாது என்பதுதான் கொடுமை.

"அப்படியானால் சோதனையே கூடாது என்கிறீர்களா? போதையில் கிடக்கும் தகப்பனிடம் பச்சைக் குழந்தையை விட்டு விடலாமா?" என்று என் மனைவி கேட்டாள்.

நியாயமான கேள்வி. சோதனை வேண்டும்; குழந்தையின் நலத்துக்கு முன்னால் பெற்றவர்களின் கௌரவம் பெரிதல்ல. ஆனால் சோதனை சாட்சியாக இருக்க வேண்டுமே தவிர, நீதிபதியாகி விடக் கூடாது. சாட்சி என்றால் குறுக்கு விசாரணை உண்டு. முடிவை உறுதி செய்தீர்களா, முடியைக் கழுவிச் சோதித்தீர்களா என்று கேட்க வக்கீலுக்கு இடம் வேண்டும். மறு சோதனை கேட்கப் பெற்றோருக்கு உரிமை வேண்டும். குழந்தை வேளைக்குச் சாப்பிடுகிறதா, பள்ளிக்கூடம் போகிறதா, பயந்தால் யார் மடியைத் தேடி ஓடுகிறது என்றும் பார்க்க வேண்டும். இதையெல்லாம் எந்த முடியும் சொல்லாது.

பணத்தைத் தவறாகப் பிடுங்கினால் வட்டியோடு திருப்பித் தரலாம். மூன்று வயதில் பிரித்த குழந்தையைப் பத்து வயதில் எப்படித் திருப்பித் தருவது? அதற்குள் அது வேறொருத்தியை 'அம்மா' என்று அழைக்கக் கற்றிருக்கும். அந்த அம்மாவும் ஒரு பாவமும் அறியாதவள்தானே!