பொம்மையின் கன்னம்

ஹப்சிகுடாவில் எங்கள் இல்லக் கொலுவில் முதலிடம் பெறுவது, என் தாயார் பண்ருட்டியிலிருந்து மடியில் வைத்துக் கொணர்ந்த மண் மீனாட்சியே. சென்ற ஆண்டு அதன் கன்னத்தில் வர்ணம் உதிர்ந்திருந்தது. கெட்டியான பச்சை வர்ணத்தை நானே ஒரே பூச்சாகப் பூசி முடித்தேன். பார்வை மங்கிய தாயார் விரலால் தடவிப் பார்த்து, "என்னடா, அம்பாளுக்கு அம்மை போட்டிருக்கிறதே!" என்றார். வெட்கிப்போனேன்.

கொண்டபள்ளிப் பொம்மைகளில், புளியங்கொட்டை மாவும் மரத்தூளும் கலந்த பசையால் உறுப்புகளை இணைத்து, சுண்ணாம்பு பூசிய பின்னரே வர்ணம் தீட்டுவர். அடித்தளம் செம்மையாயின்றி மேற்பூச்சு அமையாது என்பதை அதனால் உணர்ந்தேன்.

என் பூச்சை உப்புத்தாளால் தேய்த்து நீக்கினேன். வர்ணத்தைப் பால்போல் நீர்க்கச் செய்து, தூரிகையைத் துணியில் ஒற்றியெடுத்து, மெல்லியதாகப் பூசினேன். ஒரு பூச்சு நன்கு உலர்ந்த பின்னரே அடுத்தது. ஈரத்தின்மேல் பூசினால் கீழ்ப்பூச்சு பெயர்ந்துவிடும். கன்னத்தின் ஓரத்தில் கரும்பச்சை. மேட்டை நோக்கி வர வர இளம்பச்சை. ஒவ்வொரு பூச்சும் முந்தியதன் ஓரத்தைச் சிறிது விட்டே அமைதல் வேண்டும். கண்களை இறுதியில் எழுதினேன். ஏழு இரவுகள் கழிந்தன.

தாயார் மீண்டும் தடவினார். விரல் எங்கும் தடைப்படவில்லை. "மேற்படியில் வை" என்றார், வேறொன்றும் சொல்லவில்லை.

அன்பர்களே, ஊரிலிருந்து உடன்வந்த பழைய பொம்மைகளைக் கழித்துவிட விரையவேண்டா. அவற்றிற்கு வேண்டுவது சிறிது வர்ணமும் மிகுந்த பொறுமையுமே.