வாயிலோன் வேடம் வேண்டினோம்!

சிலம்பின் கதையை இசை நாடகமாக அரங்கேற்றப் போகிறோம்; ஆடவும் பாடவும் வல்லார் வருக; விரும்பும் வேடம் எதுவெனச் சொல்லி, அதற்கேற்ற பாட்டொன்றைப் பாடிக் காட்டுக — இப்படியோர் அறிவிப்பு நாம் பணிபுரியும் பள்ளிக்கு வந்து சேர்ந்தது. திருவண்ணாமலைத் தேரடி வீதிக்கு அருகே ஒரு மண்டபத்தில் குரல் தேர்வு என்றும் அதில் கண்டிருந்தது.

அன்று ஆசிரியர் அறையிலே ஆராய்ச்சி தொடங்கிவிட்டது. "கண்ணகி வேடம் உனக்கென்றே பிறந்ததடி! நெடிய உருவம், நீண்ட கூந்தல், வேறென்ன வேண்டும்?" என்றார் கணக்காசிரியை. "கண்ணகிக்கு அழுகைதான் மிச்சம்; மாதவி என்றால் கானல்வரி பாடலாம், கைதட்டு வாங்கலாம்" என்றார் மற்றொருவர். எவரும் நம்மைக் கேட்கவில்லை. நாமும் நம்மைக் கேட்டுக்கொள்ளவில்லை! இரண்டு நாள் கண்ணகியாகவும் இரண்டு நாள் மாதவியாகவும் கண்ணாடி முன் நின்றோம். திரைப்படப் பாட்டொன்றை எடுத்தோம், உச்சத்தில் குரல் கீச்சிட்டது, விட்டோம். வேறொன்றை எடுத்தோம், அதையும் விட்டோம்.

வேடமும் பாட்டும் தேர்வது இவ்வளவு தொல்லையா என்று சலித்தபோது, சிலம்பையே எடுத்துப் புரட்டினோம். அங்கேயும் ஒரு தேர்வு இருக்கிறது! ஐந்து வயதிலே தொடங்கி ஏழாண்டு பயின்று, பன்னிரண்டாம் வயதில் சோழன் அவையில் ஆடிக்காட்டுகிறாள் மாதவி. அரங்கேற்று காதையிலே அந்த அரங்கின் அளவுகூடக் கூறப்பட்டிருக்கிறது. இருபத்துநான்கு பெருவிரல் அகலமே ஒரு கோல். ஏழு கோல் அகலம், எட்டு கோல் நீளம், ஒரு கோல் உயரம். ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என மூவகைத் திரைகள். தேறியவளுக்குத் தலைக்கோல் பட்டம். 1008 கழஞ்சுப் பொன் பரிசு. பரிசும் பட்டமும் பெற்றாள் மாதவி. ஆனால், எந்த வேடம் வேண்டும் என்று அவளை எவரேனும் கேட்டார்களா? இல்லை! பிறந்த குடியே வேடத்தைத் தீர்மானித்துவிட்டது. நமக்கோ, கேட்கிறார்கள். கேட்கப்படும்போது பிறர் சொன்னதைத் திருப்பிச் சொல்வதா நம் விடை?

சனிக்கிழமை தாத்தாவைக் காணச் சென்றோம். தாயைப் பெற்றவர், செய்யாற்றுப் பக்கத்துச் சிற்றூர். முப்பதாண்டு தெருக்கூத்தில் பெண்வேடம் கட்டியவர். திரௌபதியாக அவர் சபதம் உரைத்த இரவுகளை ஊர் இன்னும் பேசும். பகலிலே அதே ஊர் அவர் நடையைப் பார்த்துச் சிரித்ததையும் அம்மா சொல்லுவாள். பெண்ணுக்கு அரங்கிலே இடமில்லை. ஆகவே ஆண் பெண்ணானான். பெண்ணானதற்காக அவனை எள்ளி நகையாடிற்று சமுதாயம்!

"தாத்தா, எந்த வேடம் கேட்கட்டும்?" என்றோம்.

"வேஷம் அப்புறம் கண்ணு, உன் சுருதி என்ன?"

"எல்லாரும் ஆறு கட்டையில் பாடுகிறார்கள்…"

"எல்லாரையும் நான் கேக்கல, உன்னைக் கேட்டேன். ராத்திரி பத்து மணிக்கு எட்டுற சுருதி எல்லாருக்கும் எட்டும். விடியக்காலம் நாலு மணிக்கும் நிக்கணும். அதுதான் உன் கட்டை."

ஆர்மோனியத்தை எடுத்துவரச் சொன்னார். ஒவ்வொரு கட்டையாக அழுத்தினார். நான்காம் கட்டையில் நம் குரல் நின்றது, நடுங்காமல் நின்றது. "இதை வெச்சிக்கிட்டா இத்தனை நாள் கீச்சிட்ட?" என்று சிரித்தார்.

ஒலிபெருக்கி இல்லாத நாளில் கடைசி வரிசைக்கும் எட்டவேண்டி உச்சத்தில் பாடினர் நடிகர். பாய்ஸ் கம்பெனிகளிலே குரலே சிறுவனின் சோறு. மகரக்கட்டு வந்து குரல் உடைந்தால், நேற்றைய ராஜபார்ட் இன்றைக்கு ஏவலாள்! சங்கரதாஸ் சுவாமிகளை ஆசிரியராகக் கொண்டு 1918-இல் மதுரையில் எழுந்த தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையிலே சிறுவராகச் சேர்ந்த டி.கே.எஸ். சகோதரர்கள் அந்தப் பள்ளியில்தான் வளர்ந்தார்கள். அவர்களுள் சண்முகம், பின்னாளில் கிழவி ஔவையாக நடித்து, 'ஔவை' என்னும் அடைமொழியையே பெயரின் முன் பெற்றார். கொடுமுடி தந்த கே.பி. சுந்தராம்பாளோ 1935-இல் வெளிவந்த 'பக்த நந்தனார்' படத்திலே நந்தனாகவே வந்தார். ஆண் ஔவையானான், பெண் நந்தனானாள், வானம் இடிந்து வீழ்ந்துவிடவில்லை! அதே சுந்தராம்பாள், கலைஞர் எழுதிய 'பூம்புகார்' படத்திலே, 1964-இல், கண்ணகிக்கு வழித்துணையாகும் முதிய கவுந்தியடிகளாக வந்தார். நாயகி வேடமன்று, ஆயினும் அந்தக் குரலை மறந்தவர் யார்?

இவற்றையெல்லாம் எண்ணியபடி பேருந்தில் திரும்பினோம். பௌர்ணமி நாள். பதினான்கு கிலோமீட்டர் மலைப்பாதையைச் சுற்றிவரப் பல்லாயிரவர் திரண்டிருந்தனர், பேருந்து நகரவில்லை. மடியிலே சிலம்பு. வழக்குரை காதையைப் படித்தோம்.

மதுரைக் கோயில் வாயிலிலே கண்ணகி நிற்கிறாள். முன்னே நிற்பவன் வாயிற்காவலன். ஊழியம் செய்பவன், பெயர்கூட இல்லாதவன். வந்தவளோ விரித்த கூந்தலினள், யாரென்று அறியாதவள். வந்ததும் வராததுமாக, அவனுடைய மன்னனை நெறி தவறியவன் என்று அவன் முகத்துக்கெதிரே சாடுகிறாள். அவன் என்ன செய்திருக்கலாம்? "போ, போ! மன்னன் காணும் நேரமன்று" என்று விரட்டியிருக்கலாம். "நாளை வா" என்றிருக்கலாம். அப்படிச் சொல்லியிருந்தால் அவனை எவர் தண்டிப்பார்? ஆனால் உள்ளே ஓடுகிறான் அவன். அவள் கொற்றவை அல்லள், பிடாரி அல்லள், காளி அல்லள் என்று அடுக்கி, கையிலே ஒற்றைச் சிலம்பு ஏந்திய ஒருத்தி, கணவனை இழந்தவள், வாயிலில் நிற்கிறாள் என்று உரைக்கிறான். ஒன்றையும் மறைக்கவில்லை, ஒன்றையும் குறைக்கவில்லை. அதன் பின்னரே கதவு திறக்கிறது, வழக்கு நடக்கிறது, நீதி வெல்கிறது.

புத்தகத்தை மூடினோம். நெஞ்சிலே ஒரு முள் தைத்தது. அது புதிய முள் அன்று.

சென்ற ஆண்டு ஆகஸ்டு மாதம். அலுவலகத்தில் எழுத்தர் விடுப்பு. அவருடைய நாற்காலியிலே அன்று நாம். ஒரு தாய் வந்தாள். உடன் ஒன்பது வயதிருக்கும் சிறுமி. கரும்பு வெட்டும் வேலைக்கு வெளியூர் போய்த் திரும்பியவர்கள். பள்ளியிலே சேர்க்க வேண்டும் என்றாள். "மாற்றுச் சான்றிதழ் எங்கே?" என்றோம். இல்லை. "பிறந்த தேதிக்குச் சான்று?" அதுவும் இல்லை. "எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு நாளை வாருங்கள்" என்றோம். "சரிங்க டீச்சர்" என்றாள். சிறுமி நம் மேசைமேல் இருந்த வண்ணச் சுண்ணக்கட்டிகளைப் பார்த்துக்கொண்டே நின்றாள். போனார்கள். நாளை வந்தது, அவர்கள் வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள குழந்தைக்கு வயதுச் சான்று இல்லையென்று சேர்க்கை மறுக்கலாகாது என்கிறது. மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாவதைக் காரணம் காட்டலாகாது என்றும் கூறுகிறது. நமக்குத் தெரியாத சட்டமா? தேர்விலே எழுதி மதிப்பெண் வாங்கிய சட்டம்! தாளில் எழுதினோம், வாயிலில் மறந்தோம். பெயரற்ற பாண்டிய நாட்டு ஊழியன் செய்ததை, பட்டம் பெற்ற நாம் செய்யவில்லை.

அந்தப் பேருந்திலேயே வேடம் முடிவாயிற்று.

தாத்தாவிடம் தொலைபேசியில் சொன்னோம். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "கட்டியக்காரன்!" என்றார். ஆம்! வாயிலோன் கூத்திலே வந்தால் கட்டியக்காரன்தானே! திரைக்கு முன்னே நின்று மன்னனை அறிவிப்பவன் அவன். மன்னனையே கேலி பேசும் உரிமை பெற்றவனும் அவன். பழங்கதைக்குள்ளே இன்றைய ஊர்ப்பேச்சைக் கொண்டுவருபவனும் அவனே. இம்மாவட்டத்துப் புரிசைக் கூத்தர்கள், ஜெர்மானியர் பிரெக்டின் கதையையும் கொலம்பியரான மார்க்வெசின் கதையையும் கூத்தாக்கி ஆடியவர்கள். எந்த நாட்டுக் கதையையும் நம் தெருவுக்கு அழைத்துவர வல்லது அந்தக் கலை.

பாட்டு? வாயிலோன் மன்னனுக்கு உரைப்பதை நாமே எளிய தமிழில் விருத்தமாக எழுதினோம். தாளக்கட்டு இல்லாதது விருத்தம். மூச்சும் சொல்லும் தெளிவாக இருந்தாலன்றி நிற்காது. ஒளிந்துகொள்ள மத்தளம் துணை வராது. "மன்னனை வாழ்த்துற வரைக்கும் மோகனம், வாசல்ல நிக்கிறவளைச் சொல்றப்போ முகாரிக்கு வந்துடு" என்றார் தாத்தா. பத்து நாள் பாடினோம், விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து!

தேர்வு நாளன்று மண்டபத்தில் பதினேழு பேர். கண்ணகிக்குப் பதினொருவர், மாதவிக்கு ஐவர். நம் முறை வந்தது. ஆர்மோனியக்காரர் பழக்கத்தால் ஆறாம் கட்டையை அழுத்தினார். "நான்கு, ஐயா" என்றோம். நிமிர்ந்து பார்த்தார், மாற்றினார்.

"என்ன வேடம், அம்மா?" என்றார் நடுவிலிருந்த முதியவர்.

"வாயிலோன்."

ஒருவர் சிரித்தார். "அது ஆம்பளை வேஷமாச்சே! அதுவும் மூணு நிமிஷம்."

"அந்த மூன்று நிமிடம் இல்லாவிட்டால் கண்ணகி வாயிலிலேயே நின்றிருப்பாள், ஐயா" என்றோம்.

பாடினோம். மோகனத்தில் ஓரிடம் பிசகிற்று. முகாரிக்கு வந்தபோது நம் கண்ணெதிரே மதுரையில்லை, மன்னனில்லை. சுண்ணக்கட்டிகளைப் பார்த்து நின்ற சிறுமி இருந்தாள். முடித்தபோது எவரும் கைதட்டவில்லை. முதியவர் மட்டும், "இன்னொரு முறை, கடைசி அடியை" என்றார். பாடினோம்.

நான்காம் நாள் செய்தி வந்தது: வேடம் நமக்கே! பெரும்புலமை கண்டு தந்தார்கள் என்று எண்ணி மயங்கவில்லை. அந்த வேடத்தை வேறு எவரும் கேட்கவில்லை என்பதை நாம் அறிவோம். அம்மாவுக்கு மட்டும் இன்னும் மனக்குறை. "தலைப்பாகை கட்டிக்கொண்டா நிற்பாய்?" என்கிறாள். தாத்தாவோ தம்முடைய பழைய சலங்கையைத் துடைத்து வைத்திருக்கிறாராம்.

அன்பர்களே, வேடம் தேர்வோருக்கு நாம் கண்டதைச் சொல்லுகிறோம். முகத்துக்குப் பொருந்தும் வேடத்தைப் பிறர் சொல்லிவிடுவர். நெஞ்சை உறுத்தும் வேடத்தை நாமேதான் காணவேண்டும். பாட்டை அதன் பின் தேடலாம், நம் கட்டையிலே.

இன்னும் ஒன்று. தலைமையாசிரியை அவர்களிடம் ஒரு விண்ணப்பம் கொடுத்திருக்கிறோம்: வரும் சூனில் சேர்க்கை மேசையிலே நம்மை அமர்த்துமாறு. மூன்று நிமிட வேடம் அரங்கிலே போதும். பள்ளி வாயிலிலே அது போதாது.