ஸ்பீக்கரில் ஒட்டிய கண்ணாடி

2023 அக்டோபரில் பியர் அகோஸ்டினி, ஃபெரென்ஸ் கிரவுஸ், ஆன் லூலியே மூவருக்கும் இயற்பியல் நோபல் பரிசு அறிவித்தார்கள். அட்டோ நொடி ஒளித்துடிப்புகளை உண்டாக்கும் வழிகளைக் கண்டதற்கான பரிசு அது. செய்தியைப் படித்ததிலிருந்து எனக்கு ஒரே கேள்வி. 2001இல் அகோஸ்டினியின் குழு தன் துடிப்பின் நீளம் 250 அட்டோ நொடி என்று சொன்னதே, அதை எந்தக் கடிகாரத்தை வைத்து அளந்தார்கள்? ஹைதராபாத்தில் லேசர் ஆய்வகம் ஒன்றில் இருக்கும் நண்பரிடம் கேட்டேன். "எங்க அண்ணாச்சியை வந்து பாருங்க" என்றார்.

அண்ணாச்சிக்குச் சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம். ஐ.டி.ஐ. முடித்து, மைக் செட் கடையில் சில வருடம் வேலை பார்த்து, பிறகு இங்கே தொழில்நுட்ப உதவியாளராகச் சேர்ந்தவர். ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம். தெலுங்கு பேசும் ஆய்வு மாணவர்களுக்கும் அவர் அண்ணாச்சிதான்.

"வாட்சையும் மோதிரத்தையும் கழட்டி வச்சிருங்க தம்பி. ஒளி அதுல பட்டுத் தெறிச்சா கண்ணுக்கு ஆபத்து." பாதுகாப்புக் கண்ணாடியை மாட்டிவிட்டு, கறுப்புத் திரையை விலக்கி உள்ளே அழைத்துப் போனார்.

மேசைமேல் ஒரு டைட்டானியம் சபையர் லேசர். ஒரு துடிப்பின் நீளம் சுமார் 30 ஃபெம்டோ நொடி. ஒரு நொடிக்கு முன்னால் ஒரு ஃபெம்டோ நொடி எப்படியோ, ஏறத்தாழ 3 கோடியே 17 லட்சம் ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு நொடி அப்படி. அட்டோ நொடி அதிலும் ஆயிரத்தில் ஒரு பங்கு. எந்த மின்னணுக் கருவியும் இந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது. அதனால் துடிப்பை வைத்தே துடிப்பை அளக்கிறார்கள். ஒன்றை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைச் சற்றுத் தாமதமாக்கி, மறுபடி சேர்க்கிறார்கள். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழும்போது சமிக்ஞை எழும், விலகினால் தணியும். தாமதத்தைத் தருவது கண்ணாடியின் நகர்வு. கண்ணாடி ஒரு மைக்ரான் நகர்ந்தால் ஒளி போய்த் திரும்பும் தூரம் இரண்டு மைக்ரான் கூடும், அது 6.7 ஃபெம்டோ நொடி.

அந்தக் கண்ணாடியை அண்ணாச்சி ஒரு ஸ்பீக்கரின் கூம்பில் ஒட்டியிருக்கிறார். ஸ்பீக்கர் மெல்ல முனக, கண்ணாடி முன்னும் பின்னும் ஆடுகிறது. சமிக்ஞையைப் பிடிப்பது ஒரு சிவப்பு எல்.இ.டி. தனி ஃபோட்டான் அதில் மின்சாரம் எழுப்பாது. இரண்டு ஒரே நேரத்தில் சேர்ந்து வந்தால் எழுப்பும். ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஆய்வாளர்கள் 1997இல் இந்த வழியை வெளியிட்டிருக்கிறார்கள். ஆசிலாஸ்கோப் திரையில் நெருக்கமான வரிகள் நிறைந்த ஒரு மேடு எழுந்தது. "உச்சி அடித்தளத்தைப் போல எட்டு மடங்கு இருக்கணும். இல்லேன்னா அலைன்மென்ட் தப்பு" என்று ஒரு திருகைத் தொட்டார். தொட்ட மாதிரியே தெரியவில்லை, மேடு உயர்ந்தது.

பிறகு ஒளியின் வழியில் ஒரு சென்டிமீட்டர் கனக் கண்ணாடிக் கட்டியை வைத்தார். மேடு அப்படியே பரந்தது. கண்ணாடிக்குள் சிவப்பு முந்திக்கொள்ள நீலம் பிந்திவிடும். 30 ஃபெம்டோ நொடித் துடிப்பு ஐம்பதைத் தாண்டிவிட்டது.

ரிக் ட்ரெபினோவும் டேனியல் கேனும் 1990களில் உருவாக்கிய 'ஃப்ராக்' முறை துடிப்பின் வடிவத்தையே மீட்டுத் தரும். அதன் கணக்கை ஒரு மாணவர் விளக்கினார், எனக்குப் பிடிபடவில்லை. என் மனம் ஸ்பீக்கரிலேயே நின்றது.

அது வந்த கதை கசப்பானது. முன்பு இங்கே துடிப்பை அளக்க வெளிநாட்டுப் பெட்டி ஒன்று இருந்தது. ஒரு மழைக்காலத்தில் உள்ளிருந்த மெல்லிய படிகம் ஈரத்தில் மங்கிவிட்டது. விற்ற முகவரோ திறக்கக்கூடாது, திறந்தால் உத்தரவாதம் போய்விடும் என்றார். படிகத்துக்கு மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். ஒரு மாணவியின் ஆய்வு அந்த மாதங்களில் நின்றே போனது. அண்ணாச்சி அப்போதுதான் பழைய ஸ்பீக்கரைத் தேடி எடுத்தார்.

எனக்குக் கோபம் வந்தது. பொதுப் பணத்தில் வாங்கிய கருவியை அதை ஆளத் தெரிந்த கை தொடக்கூடாதாம். கருவியைச் செய்தவருக்கும் அதில் வேலை செய்பவருக்கும் நடுவே நிற்கிற ஒருவர், பெட்டியை மூடி வைப்பதையே பிழைப்பாக்கிக்கொள்கிறார். பூட்டிய பெட்டியைப் பார்த்து வளரும் மாணவருக்கு எண் கிடைக்கும். அந்த எண் எங்கிருந்து வந்தது என்று தெரியாது. ஓர் ஆய்வகம் கருவி வாங்கும்போது அதைத் திறக்கும் உரிமையையும் சேர்த்து வாங்க வேண்டும். அண்ணாச்சி போன்ற கைகளுக்கு அடுத்த ஆளையும் இப்போதே தேட வேண்டும்.

அண்ணாச்சி கோபப்படவில்லை. கண்ணாடிக் கட்டியை எடுத்துவிட்டு, வரிகளை வடிகட்டி, மேட்டின் அகலத்தைப் படித்தார்: 43 ஃபெம்டோ நொடி. "காஸியன் வடிவம்னு வச்சு இதை 1.41ஆல வகுத்தா 30. 1.54ஆல வகுத்தா 28. துடிப்போட வடிவம் என்னன்னு நாம நெனைக்கிறோமோ, அதைப் பொறுத்து."

"எது சரி?"

"இந்த மேடு அதைச் சொல்லாது தம்பி. ரெண்டு பக்கமும் எப்பவும் ஒரே மாதிரிதான் இருக்கும். முன்பக்கம் எது, பின்பக்கம் எதுன்னுகூடக் காட்டாது."

நீல மையில் வரி வரியாக எண்கள் நிறைந்த நோட்டை எடுத்தார். எந்தச் சோதனையும் தொடங்கும் முன் காலையில் எடுத்த அளவுகள். இன்றைய தேதியைப் போட்டு 30 என்று எழுதினார். பக்கத்தில் 'காஸியன் என்று கொண்டு' என்றும் எழுதினார். முந்தைய பக்கங்களைப் புரட்டிப் பார்த்தேன். ஒரு நாள்கூட எண் தனியாக இல்லை.